சுற்றாத தொட்டியா, சுழல்மேசையா? அலை ஓட்டத்தைக் காட்ட மலையகப் பாடசாலை ஒன்றின் தேர்வு

நான்கு பிள்ளைகள், ஒரு தவணை, ஆய்வுகூடத்தின் பின்னறை: எங்கள் கையிருப்பு இவ்வளவுதான். விஞ்ஞான மன்றத்துக்காக இந்த வருடம் உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகள் எடுத்திருக்கும் பொருள் உள்ளக ஈர்ப்பு அலைகள். அடர்த்தி அடுக்கடுக்காக மாறும் ஒரு பாயிக்குள் (நீர், காற்று போலப் பாயும் பொருளுக்குள்) ஓடும் இந்த அலைகள், ஓயும் இடத்தில் ஒரே திசையில் போகும் ஓட்டத்தை எப்படி உண்டாக்குகின்றன என்று காட்ட வேண்டும். பொருளில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதை வைத்துக் காட்டுவது என்பதில்தான் இரண்டு வாரமாக இழுபறி. கண்ணாடித் தொட்டியும் உப்புநீரும் போதும் என்றான் ஒருவன். சுழல்மேசை இல்லாமல் செய்தால் அரைகுறை என்றான் இன்னொருவன். லெப்டொப்பில் கணக்குப் போட்டுவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. அதுவரை பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பிள்ளை அப்போது கேட்டாள்:

“மிஸ், பூமி சுத்துதுதானே. நம்ம தொட்டி சுத்தாதே. அப்ப நாம காட்டுறது நம்ம ஆகாயத்தையா, வேற ஏதாச்சுமா?”

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாமல் எந்தத் தேர்வும் நியாயமாகாது. நான் போட்டுப் பார்த்த கணக்குகளையும் வந்து சேர்ந்த முடிவையும் இங்கே எழுதிவைக்கிறேன். இதே பொருளை எடுக்க நினைக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும், இறுதியாண்டுச் செயற்றிட்டம் தேடும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் பயன்படலாம்.

முதலில் பொருளைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். தை மாதத்துக் குளிர் விடியலில் லயத்து அடுப்புப் புகை நேரே எழும்பி, ஓரிடத்தில் நின்று, அப்படியே தட்டையாகப் பரவுவதை இங்கே பார்க்காதவர் இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்து கனத்த காற்று, மேலே அதைவிட இலேசான காற்று. புகை ஏறிய காற்றுத்துண்டு தன் கனத்துக்கு ஏற்ற உயரத்தை அடைந்ததும் அதற்கு மேல் ஏறாது. அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் கீழே வரும், கீழே தள்ளினால் மேலே வரும். அப்படி ஏறி இறங்கும் வேகத்தைத்தான் மிதப்பு மீடிறன் என்கிறோம். தரையை ஒட்டிய கீழ் வளியாகிய மாறன் மண்டலத்தின் சாதாரண நிலையில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 0.01 ஆரையன், அதாவது ஒரு முழு ஆட்டத்துக்குப் பத்து நிமிடம். இந்த ஆட்டம் பக்கத்துக் காற்றுக்குத் தொற்றிப் பரவினால் அது உள்ளக ஈர்ப்பு அலை. ஐன்ஸ்டைன் சொன்ன, கருந்துளைகள் மோதும்போது வரும் அலைகளுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பெயர் ஒற்றுமையால் பிள்ளைகள் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இந்த அலைக்கு ஒரு விசேடம் உண்டு. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் தக்கை ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். 1847 இல் ஸ்டோக்ஸ் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். சீரான உள்ளக அலையில் அந்த நகர்வு கிடையாது. துகள்கள் சரிவான நேர்கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பி வருகின்றன. அலை தன் வழியில் சேதமில்லாமல் போகும்வரை, அது கடந்துபோன இடத்தில் நிலையான ஓட்டம் எதுவும் எஞ்சாது. ஆனால் அலை உந்தத்தைச் சுமந்துகொண்டு போகிறது. கொழுந்து நிறுத்த இடத்திலிருந்து ஸ்டோருக்குப் போகும் லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். வழி நெடுகக் கொழுந்து கொட்டுவதில்லை; இறக்கும் இடத்தில்தான் குவிகிறது. அலை உடைகிற இடத்திலும், பிசுக்குமையால், அதாவது பாயியின் உள்ளுராய்வால், தேய்கிற இடத்திலும், தன் வேகத்தோடு சரிக்குச் சரியாக வீசும் காற்றைச் சந்திக்கிற அவதி மட்டத்திலும் உந்தம் இறக்கப்படுகிறது. அங்கே காற்று தள்ளப்பட்டு ஓடத் தொடங்குகிறது. வழியில் உந்தம் குறையாது என்பதை மலைமேல் எழும் அலைகளுக்கு எலியாசனும் பாமும் 1961 இல் நிறுவினார்கள். அவதி மட்டத்தில் அலை எவ்வளவு விழுங்கப்படும் என்பதைப் புக்கரும் பிரெதர்ட்டனும் 1967 இல் கணக்கிட்டார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1883 ஓகத்து 27 அன்று கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதற்கு இரண்டு வாரத்துக்குள், செப்டெம்பர் மாதத்தில், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. எரிமலைத் தூசு ஏறக்குறைய 13 நாளில் மத்திய கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி உலகைச் சுற்றிவந்ததால், அந்த உயரத்தில் எப்போதும் கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்றுதான் வீசுகிறது என்று நம்பினார்கள். 1908 இல் ஆபிரிக்காவில் பலூன் விட்ட வானிலை ஆய்வாளர் பெர்சனோ மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்றைக் கண்டார். இரண்டு தரப்பும் கண்டது பிழையல்ல. மாறன் மண்டலத்துக்கு மேலே உள்ள படைமண்டலத்தில், மத்திய கோட்டுக்கு மேலே, காற்று ஏறக்குறைய 28 மாதத்துக்கு ஒரு சுற்றாகக் கிழக்கு மேற்காகத் திசை மாறுகிறது என்பது 1960–61 இல் ரீடும் எப்டனும் தனித்தனியே கண்டறிந்த பிறகுதான் தெரிந்தது. திசைமாற்றம் மேலே தொடங்கி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வீதம் கீழே இறங்குகிறது. அந்தக் காற்றைத் திருப்புவது கீழிருந்து ஏறிவரும் அலைகள்தான் என்று 1968 இல் லின்ட்செனும் ஹோல்டனும் விளக்கினார்கள். இந்த நீண்ட காற்றுப் பதிவின் ஒரு பகுதி நம் அயலில், மாலைதீவின் கான் தீவிலிருந்து வந்தது. 1976 முதல் சிங்கப்பூரிலிருந்து வருகிறது. நம் தலைக்கு மேலே நடக்கும் விடயத்தைத்தான் பிள்ளைகள் தொட்டியில் காட்டப் போகிறார்கள். எனக்கு இதில் இவ்வளவு அக்கறை அதனால்தான்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி.

பூமியின் சுழற்சி காற்றில் எவ்வளவு உணரப்படும் என்பது அகலக்கோட்டின் சைனைப் பொறுத்தது. துருவத்தில் நிற்பவருக்கு முழுச் சுழற்சியும் காலடியில் இருக்கிறது. மத்திய கோட்டில் நிற்பவருக்கு நிலைக்குத்தான பங்கு பூச்சியம். நாங்கள் 7 பாகையில் இருக்கிறோம். இந்தச் சுழற்சியின் பங்கை அளக்கும் கொரியோலிஸ் மீடிறனைக் கணக்கிட்டால் செக்கனுக்கு 0.0000178 ஆரையன் வருகிறது. அதைக் காலமாக மாற்றினால் 98 மணி நேரம், அதாவது நான்கு நாளும் இரண்டு மணியும். துருவத்தில் அது 12 மணி நேரம். மேடை ஒரு முழுச் சுற்றுத் திரும்ப எடுக்கும் நேரம் இதைப்போல் இரண்டு மடங்கு. பத்து நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம்வரை ஆடும் அலைக்கு, எட்டு நாளில் ஒரு முறை திரும்பும் மேடை நிற்கும் மேடைதான். அலை பிறந்து, ஏறி, உடைந்து முடியும்வரை நம் பூமி அதற்குச் சுழலாத பூமி.

அலையைப் பொறுத்தவரை சரி. ஆனால் அலை இறக்கிவைத்த உந்தம் நாள்கணக்காக, மாதக்கணக்காக நிற்கிறது. அந்த ஓட்டம் சுழற்சியை உணராமல் தப்பாது. கேள்வியின் கனமான பாதி இதுதான். நான் அதிக நேரம் செலவழித்ததும் இதில்தான்.

சுழலும் பாயியில் ஒரு பட்டையை மட்டும் கிழக்கு நோக்கித் தள்ளினால் இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, பட்டை ஆர்முடுகிக் கிழக்கே ஓடும். மற்றது, கொரியோலிஸ் விளைவு அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட, வடக்குத் தெற்கான மெதுவான சுற்றோட்டம் ஒன்று எழும்பித் தள்ளும் விசையைச் சமன்செய்துவிடும். கிழக்கு நோக்கிய காற்று பெரிதாக வலுக்காது. எது வெல்லும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு தூரம். மிதப்பு மீடிறனைத் தள்ளப்படும் படையின் தடிப்பால் பெருக்கி, கொரியோலிஸ் மீடிறனால் பிரித்தால் அது கிடைக்கும். பட்டையின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் விசை நேரே ஆர்முடுகலாகிறது. அதிகமாக இருந்தால் பக்கவாட்டுச் சுற்றோட்டம் விசையைத் தின்றுவிடுகிறது.

ஐந்து கிலோமீற்றர் தடிப்புள்ள படைக்கு 7 பாகையில் அந்தத் தூரம் ஏறக்குறைய 2,800 கிலோமீற்றர். இலண்டனுக்குக் கிட்டிய 52 பாகையில் வெறும் 435 கிலோமீற்றர். ஆயிரம் கிலோமீற்றர் அகலமான ஒரே பட்டையை ஒரே விசையால் தள்ளினால், அங்கே அது பெரும்பாலும் பக்கவாட்டில் கரைந்துபோகும்; இங்கே அது காற்றாகிறது. 28 மாதத் திசைமாற்றம் மத்திய கோட்டின் இரு புறமும் ஏறக்குறைய 12 பாகைக்குள் அடங்கிப்போவதற்கு இது முக்கியமான காரணம். தலைக்கு மேலே அந்தக் காற்றை வைத்திருக்கும் ஒடுங்கிய பட்டைக்குள் நாங்கள் வாழ்கிறோம்.

ஆகவே பதில் இது: சுற்றாத தொட்டி உலகின் எல்லா ஆகாயத்துக்கும் பொருந்தாது, நம் ஆகாயத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஐரோப்பியப் பாடநூல்கள் சுழற்சியை முன்னே வைத்து எழுதுவது அவர்களுடைய அகலக்கோட்டுக்குச் சரி. நம் பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சுழல்மேசை இல்லாவிட்டால் தங்கள் வேலை குறைபட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

இந்த விடை கையில் இருக்க, தெரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒடுங்கிய கண்ணாடித் தொட்டியை இணையத்தில் காணும் படங்களில் அதிகம் பார்க்கலாம்: நீளம் ஒரு மீற்றருக்கு மேல், அகலம் ஒரு சாண். அலையைக் காட்ட இதைவிட அழகானது இல்லை. அடியில் அடர்த்தி ஐந்து வீதம் கூடுதலாக, 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உப்புநீரை அடுக்கினால் மிதப்புக் காலம் ஏறக்குறைய 5.7 செக்கன் வரும். நடுவில் ஓர் உருளையை 8 செக்கனுக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆட்டினால் சிலுவை வடிவில் நான்கு கற்றைகள் 45 பாகையில் பிரிந்து போகும். ஆட்டத்தைத் துரிதமாக்கினால் கற்றை நிமிர்ந்துகொண்டே வரும், 5.7 செக்கனைவிடத் துரிதமாக்கியதும் அலையே வெளியேறாது. கற்றையின் சாய்வை நிர்ணயிப்பது அலைநீளம் அல்ல, மீடிறன்தான் என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணால் காண்பார்கள்.

ஆனால் எங்கள் கேள்விக்கு அது உதவாது. மூன்று வருடத்துக்கு முன் வேறொரு குழுவுடன் இதைத்தான் செய்தேன். மூன்று நாள் முயன்றோம், ஓட்டம் தெரியவில்லை. அலைகள் அருமையாக வந்தன, சாயக்கோடுகள் ஆடின, ஆடி ஆடி அதே இடத்தில் நின்றன. பிழை அளவெடுப்பில் என்று நினைத்துக் கமெராவை மாற்றினோம். உண்மையில் பிழை தொட்டியின் வடிவத்தில். இரு பக்கமும் சுவர், அகலமும் இல்லை என்றால் ஒரு மட்டத்தில் முன்னே போகும் நீர் திரும்பி வர வழி கிடையாது. போக முடியாத நீர் அமுக்கத்தைக் கட்டியெழுப்பித் தள்ளலைச் சமன்செய்துவிடும். அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ஓட்டத்தைக் காட்ட வேண்டுமானால் நீர் திரும்பி வர ஒரு வழி வேண்டும்.

அந்த வழியைக் கொடுக்க இரண்டு முறை உண்டு. முதலாவது வளையத் தொட்டி. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவில் உப்புநீர். அடியில் இழுபடும் றப்பர் மென்சவ்வு. அதை மேலும் கீழும் ஆட்டி வளையத்தைச் சுற்றி நிலையான அலையை உண்டாக்குவது. நிலையான அலை என்பது எதிரெதிராக ஓடும் இரண்டு சமமான அலைகள்தான். எந்தத் திசைக்கும் சலுகை இல்லை. அப்படியிருந்தும் நீர் தானாக ஒரு திசையில் சுற்றத் தொடங்கி, பிறகு நின்று, எதிர்த்திசையில் சுற்றி, மீண்டும் திரும்பும். 1978 இல் அவுஸ்திரேலியாவில் பிளம்பும் மக்யூவனும் இதைச் செய்துகாட்டினார்கள். படைமண்டலத்தின் 28 மாதத்தை மேசைமேல் கொண்டுவந்த செய்முறை அது. சுழல்மேசை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் துறையில் இதைவிட அழகான செய்முறை எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த வருடம் நாங்கள் எடுக்கவில்லை. பெரிய விட்டமுள்ள தெளிவான அக்கிரிலிக் உருளைகளை வெளியூரிலிருந்து எடுப்பிக்க வேண்டும். மென்சவ்வைத் துண்டு துண்டாக, ஒழுங்கான கட்டத்தில் ஆட்டும் பொறியமைப்பைச் செய்ய ஒரு தவணை போதாது. திசை திரும்புவதற்கு எடுக்கும் நேரம் அலையின் காலத்தைவிடப் பல மடங்கு நீண்டது. அவ்வளவு நேரமும் ஆட்டம் சீராக இருக்க வேண்டும், இடையில் மின்சாரம் போகக்கூடாது. பல்கலைக்கழகப் பட்டறை கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: யோசிக்காமல் இதை எடுங்கள்.

இரண்டாவது முறை அகலத் தொட்டி. வழியடைக்கும் சுவரைத் தூரமாக்கி, ஆட்டும் பலகையைச் சிறிதாக்குவது. கற்றையின் அகலம் தொட்டியின் அகலத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், கற்றையின் வழியே நீர் முன்னே தள்ளப்பட்டு, இரு பக்கத்தாலும் சுழித்துத் திரும்பி வரும். மேலிருந்து பார்த்தால் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழிகள் தெரியும். பிரான்சின் லியோன் நகரில் ஓர் ஆய்வுக்குழு 2012 இல் இதைத் தெளிவாக அளந்து வெளியிட்டது. அலை பிசுக்குமையால் தேய்வதும், கற்றை பக்கவாட்டில் ஒடுங்கியிருப்பதும் சேர்ந்துதான் அந்த ஓட்டத்தை உண்டாக்குகின்றன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சுழி இல்லை. எங்கள் பழைய ஒடுங்கிய தொட்டியில் இல்லாமல்போனது இரண்டாவது.

எங்களுக்குக் கைக்கெட்டுவது இதுதான். ஒரு மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் நீர் ஆழம் என்று எடுத்தால் 240 லீற்றர். அடியில் லீற்றருக்கு ஏறக்குறைய 70 கிராம் உப்பு, மேலே பூச்சியம்; சராசரி 35 கிராம் என்று வைத்தால் மொத்தம் 8 கிலோவுக்குச் சற்று மேலே. கடையில் வாங்கும் சாதாரண உப்பு போதும். நிறை கால் தொன் வரும் என்பதால் மாடி அறையும் மர மேசையும் வேண்டாம். சீமெந்துத் தரையில் கல் அடுக்கி வைக்க வேண்டும். கண்ணாடி தடிப்பாக இருக்க வேண்டும். சிலிக்கன் பசை முழுதாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். எங்கள் ஊர்க் குளிருக்கு அது காய நாள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

அடுக்குவதற்கு இரண்டு பெரிய பெரல்களை ஒரே மட்டத்தில் வைத்து அடியில் குழாயால் இணைக்கலாம். ஒன்றில் உப்புநீர், மற்றதில் நன்னீர். உப்புநீர்ப் பெரலிலிருந்து தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். அங்கே மட்டம் குறையக் குறைய நன்னீர் உள்ளே வரும். விடாமல் கலக்கிக்கொண்டே இருந்தால் வெளியேறும் நீர் சீராக இலேசாகிக்கொண்டு போகும். தொட்டியில் மிதக்கும் பஞ்சுப் பலகையின்மேல் அதை மெல்ல விழவிட வேண்டும். சில மணி நேர வேலை, பொறுமை முக்கியம். ஆனால் ஒருமுறை அடுக்கிவிட்டால் அது உடனே கலைந்துவிடாது. உப்பு தானாகப் பரவி பத்து சென்ரிமீற்றரைக் கடக்க மாதக்கணக்காகும். மூடி வைத்தால் ஒரு வாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஓட்டத்தைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொண்டிஸ் என்று மருந்துக்கடையில் சொல்லும் பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு ஒன்றை மேலிருந்து விட்டால், அது விழும் வழியில் ஊதா நிறத்தில் நிலைக்குத்தான கோடு கீறிவிட்டுப் போகும். அந்தக் கோடு எந்த மட்டத்தில் எவ்வளவு வளைகிறது என்பதே ஓட்டத்தின் படம். நீரோடு போகும் துகளின் நகர்வைக் கோடு காட்டுகிறது. ஓரிடத்தில் பதித்த கமெரா அந்த இடத்தின் சராசரி வேகத்தைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல, இடைப்பட்ட வித்தியாசம்தான் ஸ்டோக்ஸ் சொன்ன நகர்வு. பிள்ளைகள் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால், சராசரி என்ற சொல்லுக்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்பது அவர்களுக்கே பிடிபடும்.

சுழல்மேசைக்கு வருகிறேன். அதை எடுக்கச் சொன்ன மாணவனின் ஆசை எனக்கு விளங்குகிறது. பிரான்சின் கிரெனோபிளில் 13 மீற்றர் விட்டமுள்ள சுழல்மேசை இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். ஆனால் எங்கள் தொட்டியின் மிதப்பு மீடிறனுக்கு நம் ஆகாயத்தின் விகிதத்தில் சுழற்சி கொடுக்க வேண்டும் என்றால் கணக்கு இப்படி வருகிறது. நம் ஆகாயத்தில் மிதப்பு மீடிறன் கொரியோலிஸ் மீடிறனைப்போல் ஏறக்குறைய 560 மடங்கு. அதே விகிதத்தைத் தொட்டியில் வைத்தால் மேசை ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். மேசை சுழல்கிறதா நிற்கிறதா என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும்படி நிமிடத்துக்கு ஒரு சுற்று விட்டாலோ நம் ஆகாயத்தின் சுழற்சியை நூறு மடங்கு பெருக்கிவிடுகிறோம். 45 பாகையில் ஏறும் செங்குத்தான அலைகளுக்கு அது வேறொரு கோளின் ஆகாயம்.

சுழல்மேசை வெல்லும் இடமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஆயிரம் கிலோமீற்றர் நீளமும் சில கிலோமீற்றர் தடிப்புமாகத் தட்டையாகப் படுத்திருக்கும் அலைகளின் காலம் நாள்கணக்கு. நம் அகலக்கோட்டிலும் அவை சுழற்சியை உணர்கின்றன. அந்தத் தட்டை உலகை உயரமான சிறு தொட்டிக்குள் சுருக்கும்போது சுழற்சியை மிகைப்படுத்துவது பிழையல்ல, அதுதான் சரியான அளவு. படைமண்டலக் காற்றைத் திருப்பும் அலைகளில் இந்த வகையும் அடங்கும். ஆனால் அவற்றில் முக்கியமான சில, மத்திய கோட்டின் இரு பக்கமும் சுழற்சியின் திசை மாறுவதாலேயே அங்கே கட்டுண்டு ஓடுபவை. மேசை முழுவதும் ஒரே அளவாகச் சுழலும் தொட்டியில் அவை அப்படியே வராது. கால் தொன் நீரை அதிர்வில்லாமல் சுழற்றும் தாங்கி, கூடவே சுழலும் கமெரா, முறுக்கிக்கொள்ளாத மின்கம்பி என்று செலவும் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் கேள்விக்கு அது தரும் கூடுதல் விடை அந்தச் செலவுக்கு ஈடாகாது. யாழ்ப்பாணமும் 10 பாகைக்குள்தான் இருக்கிறது, அங்கேயும் இதே தீர்ப்புத்தான். நடு அகலக்கோட்டு நாட்டில் இருக்கும் ஆசிரியர் என்றால் நான் தயங்காமல் மாறிச் சொல்வேன்.

லெப்டொப் கணக்கு மிகவும் மலிவு. பிளம் 1977 இல் எழுதிய ஒருபரிமாண மாதிரி, உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதிரெதிரான இரண்டு அலைகள் கீழிருந்து ஏறுகின்றன. காற்றின் வேகம் அலையின் வேகத்தை நெருங்கும் இடத்தில் அந்த அலை வேகமாகத் தேய்கிறது, தேய்ந்த இடத்தில் காற்று தள்ளப்படுகிறது, பிசுக்குமை அதை மென்மையாக்குகிறது. அவ்வளவுதான் சமன்பாடு. நூறு வரிக்குள் எழுதிவிடலாம், பழைய கணினியிலும் ஓடும். காற்று அசையாத நிலையில் தொடங்கி, மிகச் சிறிய ஒரு குலைவைக் கொடுத்தால் போதும். அலையின் வலிமை ஓர் எல்லையைத் தாண்டியிருந்தால் காற்றுத் தானே திசை மாறி மாறி ஆடத் தொடங்கும். தாண்டாவிட்டால் குலைவு அடங்கிவிடும். அந்த எல்லையைத் தேடுவது பிள்ளைகளுக்கு நல்ல வேலை. திசைமாற்றம் மேலிருந்து கீழே இறங்குவதையும் அவர்கள் காண்பார்கள்: மேலே வீசும் காற்றின் அடிப்பக்கத்தில் அதே திசை அலை தேய்வதால், காற்று அங்கே வலுத்துக் கீழே நீள்கிறது.

இதன் குறை, அலையே அதில் இல்லை என்பது. அலை எப்படித் தேயும் என்று நாங்கள் எழுதிக்கொடுத்ததைத்தான் கணினி திருப்பித் தருகிறது. இயற்கை சில வேளை நாங்கள் எழுதாததைச் செய்யும். 2016 தொடக்கத்தில் படைமண்டல மேலைக்காற்றின் நடுவே எதிர்பாராத கீழைக்காற்று ஒன்று முளைத்து, அதுவரை பதிவான ஒழுங்கைக் குலைத்தது. நடு அகலக்கோடுகளிலிருந்து வந்த அலைகளே அதற்குக் காரணம். இரண்டு அலையை மட்டும் வைத்த மாதிரியில் அது வராது. ஆகவே கணக்கைத் தனியே எடுப்பதை நான் ஏற்கவில்லை; தொட்டியோடு சேர்த்தால் ஏற்கிறேன்.

கடைசித் தெரிவுக்குச் செலவே இல்லை: நிமிர்ந்து பார்ப்பது. ஆனி, ஆடியில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி ஏறும்போது ஹற்றனும் தலவாக்கலையும் தூறலில் நனையும்; மலையைத் தாண்டிய ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலையின் மணம் ஏறும் காலமும் அதை ஒட்டித்தான் வருகிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். மலை தாண்டிய காற்று அங்கே ஏறி இறங்கி அலையாகப் போகிறது. செக்கனுக்கு 10 மீற்றர் காற்றுக்கு அலைநீளம் 6 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். ஈரம் போதுமானால் ஒவ்வொரு முகட்டிலும் அசையாமல் நிற்கும் மேகப் பட்டை தெரியும். அந்த அலை படைமண்டலத்துக்குப் போவதில்லை. பருவக்காற்று சில கிலோமீற்றர் உயரம்வரைதான் மேற்கிலிருந்து வீசுகிறது, அதற்கு மேல் கீழைக்காற்று. இடையில் காற்று பூச்சியமாகும் மட்டம் ஒன்று உண்டு. மலையோடு நின்ற இடத்தில் நிற்கும் அலைக்கு அதுவே அவதி மட்டம். சுமந்துவந்த உந்தத்தை அங்கே இறக்கிவிடுகிறது. படைமண்டலம்வரை ஏறும் அலைகளுக்கு வேறு பிறப்பிடம் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் நம் மலைகளுக்கு மேலே குமுறும் இடிமேகங்கள் அப்படிப்பட்டவை. பார்க்கலாம், குறிக்கலாம், படமெடுக்கலாம். ஆனால் ஓட்டத்தை அளக்க முடியாது. துணைக்கு வைத்துக்கொள்கிறோம், முதன்மையாக அல்ல. நீர்த்தேக்கத்தில் அளப்பதையும் யோசித்தோம். படகு, அனுமதி, பிள்ளைகளின் பாதுகாப்பு என்று வந்ததும் விட்டுவிட்டோம்.

ஆக, எடுப்பது அகலத் தொட்டி, கூடவே லெப்டொப் கணக்கு. ஓட்டம் பிறப்பதைத் தொட்டி காட்டும், அது திசை திரும்புவதைக் கணக்கு காட்டும். இரண்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருப்பதைப் பிள்ளைகள் தங்கள் பதாகையில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்: தொட்டியில் திரும்பாது, கணக்கில் சுழி கிடையாது. அதை நிரப்புவது வளையத் தொட்டி. அடுத்த குழுவுக்கு அதுவே வேலை. கேள்வி கேட்ட பிள்ளை அகலக்கோடுகளுக்கான கணக்கை எடுத்திருக்கிறாள், 7 பாகையிலிருந்து 52 பாகைவரை, ஒவ்வொன்றிலும் சுற்றாத தொட்டி எவ்வளவு தூரம் உண்மை சொல்லும் என்று. சுழல்மேசை கேட்டவன் வைப்பர் மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்து, 8 செக்கனுக்கு ஓர் ஆட்டம் வரும்படி பற்சில்லு பொருத்திக்கொண்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிரப்பி, சனியும் ஞாயிறும் அசைக்காமல் விட்டு, திங்கள் காலையில் முதல் ஆட்டம். பளிங்குகளை ஆட்டம் தொடங்குமுன் ஒரு வரிசையும், பத்து நிமிடத்துக்குப் பின் இன்னொரு வரிசையும் விட வேண்டும். சுழிகள் எதிர்ச்சுவரைத் தொட்டதும் அளவெடுப்பதை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு தெரிவது அலையின் ஓட்டத்தோடு கலந்த சுவரின் ஓட்டம்.